பாத்தி முதல் பானை வரை: ராமநாதபுரம் கடலோரக் கல்லுப்பை அறிந்து வாங்க, அளந்து பயன்படுத்த

ஒரு சித்திரை மாதம் இரண்டு ஜாடி மாங்காய் ஊறுகாய் போட்டேன். அளவெல்லாம் அப்பத்தா சொன்னதுதான், எட்டு டம்ளர் மாங்காய்த் துண்டுக்கு ஒரு டம்ளர் உப்பு. ஆனி மாதம் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூசணம். ஜாடியை எட்டிப் பார்த்த அப்பத்தா முதலில் கேட்டது, "கல்லாவே அளந்தியா, இடிச்சு அளந்தியா?" என்பதுதான். அவர் கல்லுப்பை வெறும் சட்டியில் வறுத்து, உரலில் இடித்துத் தூளாக்கி அளப்பவர். நான் பெரிய பெரிய கல்லை அப்படியே டம்ளரில் கொட்டி அளந்திருக்கிறேன். கல்லுக்கு இடையில் இருந்த காற்றையும் உப்புக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உப்பைக் கவனிக்க ஆரம்பித்தேன். வாலிநோக்கம், திருப்புல்லாணி, திருப்பாலைக்குடி, பெயரிலேயே உப்பை வைத்திருக்கிற உப்பூர் என்று கடற்கரைச் சாலையில் போகிற வழியெல்லாம் உப்பளம் இருக்கிற மாவட்டம் நம்முடையது. கண்ணெதிரே அம்பாரமாகக் குவிந்து கிடப்பதாலேயே அதைப் பற்றிக் கேட்காமல் இருந்துவிடுகிறோம். அளத்தில் வேலை செய்கிறவர்களிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை, நானே செய்து பார்த்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாத்தியைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். பின்னால் வருகிற ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் இதுதான் அடிப்படை.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் நாம் சமையலில் போடுகிற சோடியம் குளோரைடு. மீதியில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. தண்ணீர் வற்ற வற்ற இவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து அடியில் உட்காரும். நமக்கு வேண்டிய உப்பு உட்காரும் நேரத்தைப் பிடித்து, வேண்டாதது உட்காரும் முன் தண்ணீரை வெளியே விட வேண்டும். உப்பளக்காரர்களின் கைத்திறன் முழுக்க இதில்தான் இருக்கிறது.

மழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் செய்நேத்தி தொடங்கும். மழைத் தண்ணீரை வடித்து, சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். தரை இளகியிருந்தால் உப்போடு மண்ணும் சேர்ந்து வரும், அந்த ஆண்டு முழுக்க உப்பு பழுப்பாகத்தான் இருக்கும். அப்புறம் கடல்நீரையோ, சில இடங்களில் நிலத்தடி உவர்நீரையோ பெரிய தெப்பங்களில், அதாவது தண்ணீர் தேக்கும் குளங்களில், தேக்கி வெயிலில் காயவிடுவார்கள். தண்ணீர் தெப்பம் தெப்பமாக நகர்ந்துகொண்டே கனக்கும்.

எவ்வளவு கனத்திருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி மிதவை வைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரில் விட்டு "டிகிரி" பார்ப்பார்கள். அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768 இல் உருவாக்கிய அளவு அது. தண்ணீருக்கு 0, நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலுக்கு 15 என்று அவர் வகுத்தார். அதனால் வெறும் உப்புக் கரைசலில் டிகிரியும் சதவீதமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். இந்தக் கணக்கு பின்னால் அடுப்படியிலும் உதவும்.

கடல்நீர் அளத்துக்குள் வரும்போது 3 அல்லது 3.5 டிகிரி. முதலில் சுண்ணாம்புச் சத்து உட்காரும். 13 டிகிரியைத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும். இவை தெப்பத்தின் அடியிலேயே தங்கிவிட வேண்டும். 24, 25 டிகிரி ஆனதும் தண்ணீரை உப்புப் பாத்திக்குத் திருப்புவார்கள். அந்தக் கட்டத்தில், முதலில் உள்ளே வந்த கடல்நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 25.5 டிகிரி வாக்கில் உப்பு பூக்கும். முதலில் மேலே மெல்லிய ஆடை மாதிரி மிதந்து, கனத்ததும் உள்ளே இறங்கி, தரையில் கல்லாக வளரும். அதை வாருபலகையால் இழுத்து வரப்போரம் குவித்து, தண்ணீர் வடிந்ததும் மேட்டில் கொண்டுபோய் அம்பாரம் போடுவார்கள்.

இங்கேதான் பொறுமையும் நேர்மையும் வேண்டும். 29 டிகிரியை நெருங்கும்போது மிச்சத் தண்ணீரில் மெக்னீசியம் மிகுந்துவிடும். நாக்கில் வைத்தால் கசக்கும். அந்தத் தண்ணீரை வெளியேற்றாமல் இன்னும் கொஞ்சம் உப்பு கிடைக்கட்டும் என்று காயவிட்டால், கசப்பும் உப்போடு சேர்ந்துவிடும். 1,000 லிட்டர் கடல்நீரில் சுமார் 27 கிலோ சோடியம் குளோரைடு இருந்தாலும், அத்தனையும் பாத்தியில் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். கடைசிப் பங்கை விட்டுவிடத் தெரிந்த அளத்தில்தான் நல்ல உப்பு விளையும்.

பங்குனி முதல் புரட்டாசி வரை வாரும் காலம். கச்சான் காற்று வறட்சியாக வீசும் நாட்களில் தண்ணீர் வேகமாக வற்றும். நடுவில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் பாத்தியில் விளைந்த கல் கரைந்துபோகும், வேலையை மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். "உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது" என்ற பேச்சு இந்த அனுபவத்தில் பிறந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. வெயில் வெள்ளைத் தரையில் பட்டுக் கண்ணில் அடிக்க, உவர்நீரில் நின்று காலெல்லாம் வெடித்து, பெண்கள் தலைச்சுமையாக உப்பைக் கரையேற்றுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வேலையே இருக்காது. அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தமிழக அரசு முன்வந்தது நல்ல காரியம், ஆனால் மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்குப் போதும்? கிலோ உப்புக்கு நாம் கொடுக்கிற காசில் அவர்கள் கைக்குப் போவது மிகச் சிறிய பங்கு. பேரம் பேசும் பொருள் அல்ல இது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடையில் கட்டியாகவும் தூளாகவும் பல பெயரில் விற்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே விளைவது வேண்டுமென்றால், 1974 இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் இருக்கிறது. 2014 இல் வந்த அம்மா உப்பும், 2022 இல் வந்த நெய்தல் உப்பும் அந்த நிறுவனத்தினுடையவை. சாக்கில் வைத்து விற்கிற கல்லுப்பு வாங்குவதாக இருந்தால், கையில் எடுத்துப் பாருங்கள்.

கல்லை வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் அது அவசரமில்லாமல் வளர்ந்த கல். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே உவர்நீர் சிக்கியிருக்கிறது. அதில் கெடுதல் இல்லை, ஆனால் சூடான எண்ணெயில் போட்டால் வெடித்துத் தெறிக்கும். அப்பத்தா ஏன் வறுத்தார் என்பது எனக்கு இதில்தான் விளங்கியது. வறுக்கும்போது படபடவென்று வெடித்து உள்ளிருக்கும் ஈரம் போய்விடும்.

அடுத்து, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் நல்லது. பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் மெக்னீசியம் அதிகம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுப்பது அதுதான். இதனால்தான் நேற்று வாரிய உப்பைவிடச் சில மாதம் அம்பாரத்தில் கிடந்த பழைய உப்பை நம் ஊர்ப் பெண்கள் தேடி வாங்கினார்கள். அம்பாரத்தில் கிடக்கும்போது மெக்னீசியம் தானே ஈரத்தை இழுத்து, கரைந்து, அடிவழியாக வடிந்துவிடும். "பழைய உப்பா?" என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு சிறு கல்லை நாக்கில் வையுங்கள். வெறும் கரிப்பு மட்டும் இருக்க வேண்டும். விழுங்கிய பிறகு அடிநாக்கில் கசப்பு நின்றால் கடைசித் தண்ணீர் உப்பு அது. வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி கரைத்து வைத்தால், அடியில் தங்குகிற மண் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வீட்டில் இரண்டு ஜாடி வைத்துக்கொள்ளுங்கள்

கடலோரத்தில் இருக்கிற நமக்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கடல் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்கிறது, தனியாக எதற்கு என்று. கடல்நீரில் அயோடின் மிக மிகக் குறைவு. பாத்தி உப்பில் அது பெயருக்குத்தான் இருக்கும். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கு அது இல்லாமல் முடியாது. அதனால்தான் நேரடியாகச் சாப்பிடும் உப்பில் அயோடின் சேர்த்தே விற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கடைக்கு வரும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு இருந்தாக வேண்டும்.

ஆகவே தினச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு ஒரு ஜாடி. அது கல்லாகவும் கிடைக்கிறது. அதை இறுக்கி மூடி வையுங்கள், குழம்பு இறக்கப் போகும் நேரத்தில் போடுங்கள். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் போட அயோடின் சேராத கல்லுப்பு இன்னொரு ஜாடி. இரண்டையும் மாற்றிவிடாமல் இருக்க எங்கள் வீட்டில் ஒன்றை மரவையிலும் மற்றதைப் பீங்கானிலும் வைத்திருக்கிறோம். இரும்பு, அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் உப்பு வேண்டாம், அரித்துவிடும்.

இந்துப்பு நல்லது என்று பலர் மாறிவிட்டார்கள். அது பாறையில் இருந்து வெட்டுகிற உப்பு, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்காவிட்டால் அதில் கிடையாது. சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

அப்புறம் அளவு. உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில்தான் வரும். கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்று குழம்பில் உப்பே போடாமல் இறக்கி, ருசி பார்த்துச் சேர்ப்பது என் பழக்கம்.

கல்லுப்பைக் கழுவும் முறை

மண் கலந்த உப்பைத் தண்ணீரில் கழுவினால் கரைந்து போகுமே என்று கேட்கலாம். உப்பை உப்புத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். பெரிய ஆலைகளிலும் இதே முறைதான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் கல்லுப்பைப் போட்டுக் கலக்குங்கள். அதற்கு மேல் போட்டால் கரையாது. தண்ணீர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஓர் இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். கழுவ வேண்டிய இரண்டு கிலோ உப்பை இந்தத் தெளிவில் போட்டுக் கையால் அளைந்தால் மண் பிரிந்து தண்ணீரோடு வரும், மேலே ஒட்டியிருக்கும் மெக்னீசியமும் வரும், உப்பு மட்டும் கரையாது. உடனே மூங்கில் கூடையில் அள்ளி வடியவிட்டு, வெள்ளைத் துணியில் பரப்பி உச்சி வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். அயோடின் சேர்த்த உப்பை இப்படிக் கழுவாதீர்கள், அயோடின் போய்விடும்.

அளக்கும் முறை

என் ஊறுகாய் கெட்ட இடத்துக்கு வருகிறேன். சமையல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு டம்ளரில் ஒரு டம்ளர் கல்லுப்பையும், ஒரு டம்ளர் இடித்த உப்பையும் மளிகைக் கடையில் ஒரே ஒரு முறை நிறுத்து, எடையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். கல் பெரிதாகப் பெரிதாக டம்ளரில் உப்பு குறையும். ஊறுகாய்க்குச் சொல்லும் பழைய அளவெல்லாம் எந்த உப்பை வைத்துச் சொன்னது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊறவைக்கிற உப்புத் தண்ணீரின் கனத்தை அறிய இன்னொரு வழி, முட்டை. கெடாத புது முட்டை நல்ல தண்ணீரில் மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால், பத்து சதவீதத்தை ஒட்டி மேலே வரும். பத்து டிகிரி என்று அளக்காரர் சொல்வதும் அதைத்தான். நெல்லி, மாவடு ஊறவைக்க முட்டை மிதந்த பிறகும் இன்னும் ஒரு கைப்பிடி போடுங்கள்.

மோர் மிளகாய்க்கு வருவோம். 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற நம் குண்டு மிளகாயைப் பச்சையாக வாங்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஒரு கிலோ மிளகாயைக் காம்போடு ஊசியால் குத்தி, ஒரு லிட்டர் புளித்த கெட்டி மோரில் 120 கிராம் உப்பு கரைத்து இரண்டு நாள் ஊறவையுங்கள். பிறகு பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே மோர். மோர் தீர்ந்ததும், குலுக்கினால் விதை சத்தம் கேட்கும் வரை காயட்டும்.

கருவாடு போடுதல்

இதுதான் நம் கரையின் பெரிய உப்பு வேலை. பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எங்கே போனாலும் கருவாடு காயும். வீட்டில் இரண்டு கிலோ போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். மாசி முதல் ஆடி வரை நல்லது. வாடைக் காற்று வீசும் மழைக்காலத்தில் வேண்டாம், உள்ளே காயாமல் நாறிவிடும்.

மீன் கரைக்கு வந்த அன்றே போட வேண்டும். விற்காமல் மிஞ்சிய மீனில் கருவாடு போடுவது பழக்கமாகிவிட்டது, அதை நான் ஏற்கமாட்டேன். சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் பனிக்கட்டி இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். உப்புப் போட்டாலும், வெயிலில் காய்ந்தாலும், குழம்பில் கொதித்தாலும் அது போகாது. முதல் தடவை செய்கிறவர்கள் சீலா, வாளை இவற்றில் ஒன்றை எடுங்கள்.

முதுகுப் பக்கம் கீறி விரித்து, குடலும் செவுளும் முதுகெலும்போரத்து இரத்தமும் போக உப்புத் தண்ணீரில் அலசுங்கள். நீர் வடியட்டும். சுத்தம் செய்த மீன் ஒரு கிலோவுக்கு 250 முதல் 300 கிராம் உப்பு. பெரும் கல்லாக இருந்தால் கரைய நேரமாகும், பொடி உப்பாக இருந்தால் மேல்தோலை மட்டும் சட்டென்று இறுக்கிவிடும். அரைகுறையாக இடித்த குருணைதான் சரி.

கழுவிய உப்பு இங்கேதான் பலன் தரும். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த உப்பு மீனுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். மேலே வெள்ளையாக, விறைப்பாக, பார்க்க அழகாக இருக்கும். உள்ளே உப்புச் சேருமுன் அழுகல் தொடங்கியிருக்கும், கசப்பும் தங்கும். 29 டிகிரியில் தண்ணீரை விடாத பாத்தியின் தவறு இத்தனை தூரம் வந்து கருவாட்டில் தெரியும்.

மண்பானையிலோ உணவுக்கான பிளாஸ்டிக் தொட்டியிலோ அடியில் உப்பு, மேலே மீன், மறுபடி உப்பு என்று அடுக்கி, தட்டு வைத்து மேலே கல் பாரம் ஏற்றுங்கள். சில மணி நேரத்தில் மீன் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரில் மீன் மூழ்கியே இருக்க வேண்டும். சிறு மீனுக்கு ஒரு நாள், தடித்த மீனுக்கு இரண்டு நாள். பிறகு எடுத்து, உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மேலே ஒட்டிய கல் போனதும் காயப் போடுங்கள்.

மணலில் போடாதீர்கள். நான்கு கம்பு நட்டு, வலையை இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்பினால் கீழேயும் காற்று ஓடும், மண்ணும் ஒட்டாது. ஈ மொய்க்காமல் மேலே ஒரு மெல்லிய வலை. முதல் நாள் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நிழலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேற்புறம் வெந்து இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். மாலையில் பனி விழுமுன் உள்ளே எடுத்து, புரட்டிப் போட்டு, மூன்று நான்கு நாள். தடித்த இடத்தை விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது.

நெத்திலிக்கு இத்தனை வேலை இல்லை. அலசி, உப்பில்லாமலே வலையில் பரப்பினால் நல்ல வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஓலைப்பெட்டியில் தாள் விரித்து அடுக்கி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள். கோடை உச்சத்தில் உப்புப் பாத்தித் தண்ணீர் சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடும் உப்பில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்கள் தருகிற நிறம் அது. அவை வெயிலில் விளைந்த உப்போடு நம் வீட்டுக்கும் வருகின்றன. ஈரம் நின்ற கருவாட்டில் ரோஜா நிறத்தில் வழுவழுப்பாகப் படர்ந்தால் அது அவற்றின் வேலை. அந்தத் துண்டையும் அதைத் தொட்டுக் கிடந்தவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, மீதிக் கருவாட்டுக்கு இன்னும் ஒரு நாள் நல்ல வெயில் காட்டுங்கள்.